ஊமைப் பொட்டிக்கு வாய் வந்த கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. லினக்ஸ் பக்கமே போகாதவங்களும் தைரியமா படிக்கலாம். கமாண்டு எதையும் டைப் பண்ணச் சொல்ல மாட்டேன் :-)

மக்களே, 2020-க்கு ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முழுசா ஆகலை, ஊரடங்கு வந்துடுச்சு. சேத்து வெச்ச காசுல புது லேப்டாப் ஒண்ணு வாங்கி, வந்த அன்னிக்கே விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டேன். எல்லாம் வேலை செஞ்சுது. வைஃபை, டச்பேட், வெளிச்சம் கூட்டுற பட்டன் வரைக்கும். மைக் மட்டும் இல்லை. வேலை செய்யலைன்னு சொல்லலை, இல்லவே இல்லை. சிஸ்டத்தைக் கேட்டா "அப்படி ஒரு சாமானே இந்த மெஷின்ல கிடையாது"ங்குது.

தினம் காலைல டீம் கால். எல்லாரும் நேத்து என்ன ஆணி புடுங்கினோம்னு ஒப்பிப்பாங்க. என் முறை வந்தா நான் உதட்டை அசைப்பேன், பதில் சாட்ல டைப் பண்ணுவேன். நாலாவது நாள் லீட் போன் போட்டு, "தம்பி, உங்களுக்கு பேசறதுல ஏதாவது தயக்கமா?"ன்னு ரொம்ப அன்பா கேட்டார். எனக்கு கண்ணுல தண்ணி வராத குறை. புதுசா சேர்ந்த பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்னு மேல வரைக்கும் பேச்சு போயிருக்கு.

அன்னிக்கு ராத்திரி மாமாவுக்கு போன் பண்ணினேன். நம்ம குடும்பத்துல லினக்ஸ்ங்கிற நோயை முதல்ல கொண்டு வந்தவர் அவர்தான். முழுக்கதையையும் கேட்டுட்டு ஒரே வரி சொன்னார்: "டேய் மாப்ளே, பொட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்காத, உள்ள என்ன சிப்பு இருக்குன்னு பாரு." சொல்லிட்டு ஒன்றரை மணி நேரம் பழைய கதை பேசினார். அதுக்கப்புறம் நானே தோண்டிப் படிச்சதையும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு அடிப்படை. 1980-களோட பிசிக்கு 'பீப்'புங்கிற ஒரு சத்தம்தான் தெரியும். பாட்டெல்லாம் பாடாது. 1987-ல கனடாவோட க்யூபெக்ல இருந்து ஆட்லிப்னு ஒரு கார்டு வந்துச்சு. ஆரம்பிச்சவர் ஒரு இசைப் பேராசிரியர். யமஹாவோட ஒய்எம்3812-ங்கிற சிப்பை வெச்சு கம்ப்யூட்டரை இசைக்க வெச்சாங்க. ரெண்டே வருஷத்துல, 1989-ல, சிங்கப்பூர்ல இருந்து சிம் வோங் ஹூவோட கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டரை இறக்கிச்சு. அதே யமஹா சிப்பு. கூடவே பேச்சு, வெடிச் சத்தமெல்லாம் பதிவு பண்ணி ஒலிக்கிற வசதி. போதாததுக்கு ஜாய்ஸ்டிக் சொருகற ஓட்டையும் அதுலயே. தனியா அதுக்கு ஒரு கார்டு வாங்க வேண்டாம். ஆட்லிப் 1992-ல திவால்.

அப்புறம் பல வருஷத்துக்கு எந்தக் கம்பெனி கார்டு போட்டாலும் அட்டையில 'சவுண்ட் பிளாஸ்டர் கம்பேடிபிள்'னு எழுதியாகணும்ங்கிற நிலைமை. எழுதறது ஈஸி. உள்ள இருக்கிறது எவ்வளவு தூரம் கம்பேடிபிள்ங்கிறது கார்டைச் சொருகினவனுக்குத்தான் தெரியும்.

இப்ப லினக்ஸுக்கு வருவோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல பின்லாந்துல கர்னலை எழுத ஆரம்பிச்ச கதை உங்களுக்கே தெரியும். அதுக்கு வாய் கொடுத்தவரும் ஒரு பின்லாந்துக்காரர்தான், அது பல பேருக்குத் தெரியாது. ஹன்னு சவோலைனென். 1992-ல சவுண்ட் பிளாஸ்டருக்கு அவர் எழுதின டிரைவர்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். அந்த டிரைவருக்கு பேர் நிலைக்கவே இல்லைங்கிறது தனி காமெடி. வாக்ஸ்வேர்னு இருந்துச்சு, யுஎஸ்எஸ்னு ஆச்சு, நடுவுல 'தற்காலிகமாகப் பெயரில்லாத சவுண்டு டிரைவர்'னு அர்த்தம் வர்ற மாதிரி டிஏஎஸ்டின்னு கூட ஒரு பேர்! கடைசியா நின்ன பேர் ஓஎஸ்எஸ். ஓபன் சவுண்ட் சிஸ்டம்.

ஓஎஸ்எஸ்ஸோட அழகு அதோட எளிமை. யுனிக்ஸ் உலகத்துல எல்லாமே ஃபைல். அதனால சவுண்டு கார்டும் ஒரு ஃபைல். /டெவ்/டிஎஸ்பின்னு பேர். அதைத் திற, ஒலியோட எண்களை உள்ள கொட்டு, ஸ்பீக்கர்ல கேளு. அவ்வளவுதான். மாமா சொன்னார், ஏதாவது ஒரு புரோகிராமோட ஃபைலை அப்படியே அதுக்குள்ள கொட்டினா மிக்ஸியில ஆணியைப் போட்ட மாதிரி ஒரு சத்தம் வருமாம். ஹாஸ்டல்ல அதுதான் பொழுதுபோக்காம்.

ஆனா அந்த எளிமை வரைக்கும் போய்ச் சேரறது இருக்கே... அது பழனி படி ஏறற மாதிரி. அன்னிக்கு கார்டெல்லாம் ஐஎஸ்ஏ ஸ்லாட். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு போர்ட் முகவரி, ஒரு ஐஆர்க்யூ, ரெண்டு டிஎம்ஏ எண் வேணும். சவுண்ட் பிளாஸ்டர் 16-க்கு 220, 5, 1, 5. மாமாவுக்கு இன்னிக்கும் அது வீட்டு போன் நம்பர் மாதிரி மனப்பாடம். ஐஆர்க்யூ 5-க்கு பதிலா 7-ஐ வெச்சா பிரிண்டரோட மோதும். கார்டு மேல இருக்கற குட்டிக் குட்டி ஜம்பரைப் பிடுங்கி மாத்தணும். இதுல இன்னொரு கொடுமை, ஆரம்பத்துல இந்த எண்களை கர்னலை கம்பைல் பண்ணும்போதே கொடுக்கணும். தப்பா கொடுத்தீங்கன்னா மறுபடி கம்பைல். 486 மெஷின்ல அது மணிக்கணக்கு. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து பாத்தா, அப்பவும் சத்தம் வராது.

இதை மாத்தினது ஆலன் காக்ஸ். ரெட்ஹாட் ஆதரவுல, 1990-களோட கடைசியில, சவுண்டு டிரைவர்களைத் தனித்தனி மாட்யூலா பிரிச்சார். தப்பு பண்ணினா அந்தத் துண்டை மட்டும் கழட்டி மறுபடி மாட்டலாம். ரெட்ஹாட்டும் சவுண்ட்கான்ஃபிக்னு ஒரு சின்ன டூல் கொடுத்துச்சு. அது கார்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, எண்களை எழுதிட்டு, சோதனைக்கு ஒரு குரலை ஒலிக்கும். யார் குரல் தெரியுமா? லினஸோட குரல்! லினக்ஸ்ங்கிற பேரை எப்படி உச்சரிக்கிறேன்னு அவரே பேசிப் பதிவு பண்ணின சின்னத் துண்டு.

மாமா 1999-ல ரிச்சி ஸ்ட்ரீட்ல பொட்டி அசெம்பிள் பண்ணி ரெட்ஹாட் 6 போட்டப்ப, மூணு நாள் போராடி கடைசியில அந்தக் குரலைக் கேட்டாராம். "கல்யாணத்துல கூட அப்படி சந்தோஷப்படலைடா"ன்னார். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அந்தப் பக்கம் அத்தை சமையல்கட்டுல இருந்து என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது.

இனிமேதான் கதையில வில்லங்கம். டிரைவர் எழுதணும்னா சிப்பு எப்படி வேலை செய்யுது, எந்த ரெஜிஸ்டர்ல எதை எழுதினா என்ன நடக்கும்னு தெரியணும். அந்த ஆவணத்தை சிப்பு கம்பெனிங்க வெளில விட மாட்டாங்க. கேட்டா, "ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு, தர்றோம்"பாங்க. போட்டுட்டா கோடை வெளியிட முடியாது. ஓப்பன் சோர்ஸ்காரனுக்கு இது ரெண்டு பக்கமும் இடி. ஹன்னு என்ன பண்ணினார்னா, 4ஃப்ரண்ட் டெக்னாலஜிஸ்ங்கிற கம்பெனியோட சேர்ந்து ஓஎஸ்எஸ்ஸை வியாபாரமா ஆக்கினார். கர்னல்ல ஒரு இலவசப் பதிப்பு. நிறைய கார்டுகளை ஆதரிக்கிற இன்னொரு பதிப்பு காசுக்கு, பைனரியா. அவரும் சாப்பிடணுமில்ல. ஆனா இலவசப் பதிப்பு பின்தங்க ஆரம்பிச்சுது, கர்னல் ஆளுங்களுக்குக் கசந்துது.

இந்த நேரத்துல செக் நாட்டுல யாரோஸ்லாவ் கைசெலான்னு ஒருத்தர் கிட்ட கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டு இருந்துச்சு. 1992-ல வந்த கனடா கார்டு. சவுண்ட் பிளாஸ்டர் மாதிரி பீப்பி ஊதாது. நிஜ வாத்தியங்களோட ஒலித்துண்டை கார்டோட சொந்த ரேம்ல ஏத்தி வெச்சு, 32 குரல் வரைக்கும் கார்டே கலந்து வாசிக்கும். அதோட முழு சக்தியையும் ஓஎஸ்எஸ் வெளிக்கொண்டு வரலைன்னு அவருக்குக் கடுப்பு. அந்த ஒரே கார்டுக்காகத் தனியா டிரைவர் எழுத ஆரம்பிச்சார். அது வளர்ந்து 1998-ல ஆல்சான்னு ஆச்சு. ஒரு கார்டு மேல இருந்த பாசம்தான், இன்னிக்கு உங்க லினக்ஸ்ல எந்தச் சத்தம் வந்தாலும் அதுக்கு அடியில ஓடிட்டிருக்கு.

சரி, அன்னிக்கு ஒருத்தன் லினக்ஸுக்குக் கார்டு வாங்கணும்னா எதைப் பாத்து வாங்குவான்? இங்கதான் மாமாவோட அந்த ஒரு வரி வருது.

பழைய ஓஎஸ்எஸ்ல ஒரு பெரிய தொல்லை: பெரும்பாலான கார்டுல ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் பேசலாம். பாட்டு ஓடிட்டிருந்தா சாட் விண்டோல 'டிங்' வராது, "டிவைஸ் பிஸி"ன்னு திட்டும். இதைச் சரிக்கட்ட என்லைட்மென்ட் பக்கம் ஈஎஸ்டி, கேடிஈ பக்கம் ஆர்ட்ஸ்னு நடுவுல உக்காந்து சத்தத்தைக் கலக்கற சர்வருங்க வந்துச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு மதிக்காது. அந்தக் காலத்துல 1998-ல வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ்! கார்டுக்கு லினக்ஸ்காரங்க நடுவுல தனி மவுசு. காரணம் அதோட ஈஎம்யூ10கே1 சிப்பு. ஈமுங்கிற சின்தசைசர் கம்பெனியை கிரியேட்டிவ் வாங்கினதால வந்த சரக்கு. 64 குரலை ஹார்டுவேர்லயே கலக்கும். சர்வரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம், 1999-லயே கிரியேட்டிவ் அதோட லினக்ஸ் டிரைவரை ஓப்பன் சோர்ஸா வெளியிட்டுச்சு. நல்ல காரியத்துக்குப் பாராட்டாம இருக்கக் கூடாது.

ஆனா கொஞ்ச வருஷம் கழிச்சு அதே கம்பெனி சவுண்ட் பிளாஸ்டர் லைவ்! 24-பிட்னு ஒண்ணு வித்துச்சு. அதே பேர். உள்ள சிஏ0106-ன்னு வேற சிப்பு. ஹார்டுவேர் கலவை கிடையாது. அட்டையில 24-பிட்னு பெருசா போட்டிருந்ததைப் பாத்து, 'பழசை விட இது ஒசத்தி'ன்னு வாங்கினவங்க எத்தனை பேரோ. மாமாவும் அதுல ஒருத்தர். முதல் கார்டை தம்பிக்குக் கொடுத்துட்டு புதுசு வாங்கி, மறுநாளே தம்பி கிட்ட போய் நின்னிருக்கார். சொந்தச் செலவுல சூனியம் :-)

ஆரியல் கதை இன்னும் சோகம். வோர்டெக்ஸ் சிப்பு, ஏ3டின்னு முப்பரிமாண ஒலி. 1990-களோட கடைசியில விளையாட்டுப் பசங்களோட கனவு. கிரியேட்டிவோட கோர்ட்டு கேஸ்ல ஆரியல்தான் 1999-ல ஜெயிச்சது. ஆனா வக்கீல் செலவே கம்பெனியை முடிச்சிடுச்சு. 2000-ல சொத்தெல்லாம் கிரியேட்டிவ் கைக்குப் போச்சு. லினக்ஸுக்கு ஆரியல் ஒரு டிரைவர் விட்டிருந்தாங்க. ஆனா நடு மையம் மூடின பைனரி. கம்பெனி போனதும் அதைத் திருத்த ஆளில்லை, புது கர்னல்ல ஒட்டாது. நல்லா இருக்கற கார்டு, காசு கொடுத்து வாங்கினது, அனாதை. அப்புறம் ஆர்வலர்கள் அந்தச் சிப்பு எப்படி வேலை செய்யுதுன்னு தட்டித் தட்டிக் கண்டுபிடிச்சு டிரைவர் எழுதி, ஆல்சாவுல சேத்தாங்க. ஆவணம் வெளில இருந்திருந்தா இவ்வளவு உழைப்பு எதுக்கு?

கிரியேட்டிவும் எல்லா நேரமும் 1999 மாதிரி நடந்துக்கலை. 2005-ல எக்ஸ்-ஃபை வந்துச்சு. லினக்ஸ்காரங்க வருஷக்கணக்கா காத்துக் கிடந்தாங்க. ஒருவழியா வந்த டிரைவர் பீட்டா, அதுவும் 64-பிட்டுக்கு மட்டும், அதுவும் மூடின கோடு. திட்டு வாங்கி வாங்கி 2008 நவம்பர்ல கோடை வெளியிட்டாங்க, 2009-ல கர்னல்ல சேர்ந்துச்சு. கார்டு வந்து நாலு வருஷம்!

இதே நேரத்துல, பாட்டு ரெக்கார்டு பண்ற லினக்ஸ் ஆளுங்க சத்தமில்லாம வேற கார்டுக்குப் போயிருந்தாங்க. எம்-ஆடியோவோட ஆடியோபைல் 2496. உள்ள என்வி24 சிப்பு. விளம்பரம் கிடையாது, முப்பரிமாணம் கிடையாது, அட்டையில டிராகன் படம் கிடையாது. டிரைவர் ஆல்சாவுலயே இருந்துச்சு, சொருகினா பாடிச்சு.

2003 டிசம்பர்ல கர்னல் 2.6 வந்தப்ப ஆல்சாதான் அதிகாரபூர்வம்னு ஆச்சு, ஓஎஸ்எஸ் ஓரங்கட்டப்பட்டுச்சு. 2007-ல 4ஃப்ரண்ட் ஓஎஸ்எஸ்ஸோட புதுப் பதிப்பை முழுசா ஓப்பன் சோர்ஸ் ஆக்கினாங்க. நல்ல பதிப்புதான், கர்னல்லயே சத்தம் கலக்கும். ஆனா பந்தி முடிஞ்சு இலையெடுத்தப்புறம் வந்த சாம்பார். 2017-ல கர்னல்ல மிச்சமிருந்த பழைய ஓஎஸ்எஸ் டிரைவர்களையும் எடுத்துட்டாங்க. எனக்கு இதுல ஹன்னு மேல ஒரு வருத்தம் கலந்த மரியாதை உண்டு. 1992-ல எவனும் கேக்காமலே முதல் டிரைவர் எழுதின மனுஷன். விக்க முயற்சி பண்ணினதைத் துரோகம்னு சிலர் பேசுவாங்க. நான் அப்படி நினைக்கலை. கதவைப் பூட்டி வெச்சது சிப்பு கம்பெனிங்க. அவர் கிட்ட இருந்தது அந்தச் சாவிக்கான வாடகை மட்டும்தான்.

ஆல்சா வந்ததும் சொர்க்கம் வந்துடலை. அதை இன்ஸ்டால் பண்ணின முதல் நாள் எவனுக்கும் சத்தம் வராது. ஏன்னா எல்லா சேனலும் மியூட்ல இருக்கும்! மிக்சரைத் திறந்து 'எம்எம்'னு இருக்கறதை ஒவ்வொண்ணா எடுத்து விடணும். இது தெரியாம பாதி நாள் டிரைவரைத் திட்டினவங்க ஏராளம். மாமா உட்பட. நானும்தான், சொல்லிக்க வெக்கம்.

மெதுவா கார்டு வாங்கற பழக்கமே போச்சு. 1997-ல இன்டெல்லோட ஏசி'97, 2004-ல ஹெச்டி ஆடியோ. சத்தம் மதர்போர்டுலயே வந்துடுச்சு. 'அப்பாடா, ஒரே ஸ்டாண்டர்டு'ன்னு பாத்தா, எந்தப் பின் ஹெட்போனுக்கு, எது ஸ்பீக்கருக்குன்னு ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும் இஷ்டத்துக்கு ஒயரிங். பயாஸ்ல அதை ஒழுங்கா எழுதி வெக்கறதும் கிடையாது. சூசேல இருந்த டகாஷி இவாயும் கூட்டமும் ஒவ்வொரு மாடலுக்கும் விதிவிலக்கா எழுதி எழுதி அந்த டிரைவரை நிப்பாட்டினாங்க. இவங்களுக்கெல்லாம் சிலை வெக்கணும்.

பல்ஸ்ஆடியோ பத்தி எழுதாம விட்டா பின்னூட்டத்துல உதைப்பீங்க. லென்னார்ட் பாட்டரிங் 2004-ல ஆரம்பிச்சது. 2007 நவம்பர்ல ஃபெடோரா 8, 2008 ஏப்ரல்ல உபுண்டு 8.04. இறங்கின இடமெல்லாம் சத்தம் கொரகொரத்துச்சு. திட்டாத ஆளில்லை. பாதித் தப்பு அதோடது, மீதி அவசரப்பட்டுச் சேத்த டிஸ்ட்ரோக்களோடதும் டிரைவர்களோடதும். சத்தம் இப்ப எந்த இடத்துல ஓடிட்டிருக்குன்னு டிரைவர் சொல்றதை அது நம்பிச்சு. பல டிரைவர் பொய் சொல்லிட்டிருந்துச்சு. அதுவரைக்கும் அந்தக் கேள்வியை அவ்வளவு கறாரா யாரும் கேட்டதில்லை, பொய்யும் மாட்டலை. இப்ப அந்த இடத்துல பைப்வயர் இருக்கு. விம் டைமன்ஸ் எழுதினது, முதல்ல வீடியோவுக்காக ஆரம்பிச்சது. 2021-ல ஃபெடோரா 34 ஒலிக்கும் அதையே எடுத்துக்கிச்சு, அடுத்த வருஷம் உபுண்டு 22.10. மாறினதே பல பேருக்குத் தெரியலை. சவுண்டு விஷயத்துல இதை விட நல்ல சர்ட்டிபிகேட் கிடையாது.

இப்ப என் மைக்குக்கு வர்றேன். மாமா சொன்ன மாதிரி, லேப்டாப் அட்டையில இருந்த ஸ்பீக்கர் கம்பெனி ஸ்டிக்கரை விட்டுட்டு, சிஸ்டம் கிட்ட சிப்பு என்னன்னு கேட்டேன். விஷயம் புரிஞ்சுது. அந்தச் சமயத்துல வந்த இன்டெல் லேப்டாப் பலதுல மைக் டிஜிட்டல். பழைய வழியில ரியல்டெக் சிப்பு வழியா வராது, நேரா இன்டெல்லோட டிஎஸ்பிக்குப் போகும். பழைய ஹெச்டி ஆடியோ டிரைவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. அதுக்கு சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்னு, 2018-ல இன்டெல் முன்னால நின்னு வெளியிட்ட திட்டத்தோட டிரைவரும் ஃபர்ம்வேரும் வேணும். நான் என்ன பண்ணியிருந்தேன் தெரியுமா? முதல் நாள் ஸ்பீக்கர் வரலைன்னு எங்கயோ பாத்த ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தேன். அந்த வரி டிஜிட்டல் மைக்கைத் தேடாதேன்னு டிரைவருக்குச் சொல்ற வரி! ஸ்பீக்கர் வந்துச்சு, மைக்கை நானே புதைச்சிருந்தேன்.

வரியை அழிச்சு, கர்னலைப் புதுப்பிச்சு, ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டு ரீபூட் பண்ணினேன். மைக் வந்துச்சு. அதோட கோடு திறந்ததுதான். ஆனா பெரும்பாலான லேப்டாப்ல இன்டெல் கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேரைத்தான் அந்த டிஎஸ்பி ஏத்துக்கும். நீங்களே கம்பைல் பண்ணினது செல்லாது. கதவு திறந்திருக்கு, வாட்ச்மேன் உக்காந்திருக்கார்னு வெச்சுக்கங்க.

மறுநாள் கால்ல என் முறை வந்தப்ப, "குட் மார்னிங், கேக்குதா?"ன்னேன். ஒரு செகண்டு அமைதி. அப்புறம் லீட், "ஓ, உங்க குரல் இப்படித்தான் இருக்குமா!"ன்னார்.

லாக்டவுன் முடிஞ்சு ஊருக்குப் போனப்ப மாமா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வெச்சார். உள்ள நாலு கார்டு. ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16, அந்த ஏமாத்தின 24-பிட், பேர் அழிஞ்சு போன ஒண்ணு, அப்புறம் தம்பிகிட்ட இருந்து திரும்ப வாங்கின ஒரிஜினல் லைவ்!. பிசிஐ ஸ்லாட் இருக்கற பழைய மதர்போர்டு ஒண்ணு தேடிட்டிருக்கேன். உங்க வீட்டுப் பரண்ல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கூரியர் செலவு என்னுது. அந்தப் பேர் அழிஞ்ச கார்டுல என்ன சிப்புன்னு பாக்கணும். மாமா வோர்டெக்ஸ்ங்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை.